இறால் ஒத்துக்கொள்ளாதவருக்குக் கொன்ட்ராஸ்ட் ஊசி போடலாமா? அறைக்குள் நிற்பவர்கள் சொல்வது

ரேடியோகிராபர், கொழும்பு 10:

சி.ரி. படத்தில் உள்ளுறுப்புகள் தெளிவாகத் தெரிய இரத்த நரம்பில் (நாளத்தில்) ஏற்றும் அயடின் கலந்த மருந்துதான் கொன்ட்ராஸ்ட். சி.ரி. ஸ்கேனுக்கு வருகிறவரிடம் "ஏதும் ஒவ்வாமை இருக்கா?" என்று கேட்டால் இந்த ஊரில் அடிக்கடி வரும் பதில் இறால், நண்டு, கணவாய். அதைக் கேட்டவுடன் படிவத்தில் 'அயடின் ஒவ்வாமை' என்று எழுதி, ஸ்கேனைத் தள்ளிப்போட்டு, ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிழை. இறாலிலும் நண்டிலும் உடம்பைக் கடிக்க (அரிக்க) வைப்பது ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம். அதற்கும் அயடினுக்கும் தொடர்பில்லை. புண்ணுக்குப் போடும் பொவிடோன் அயடின் பூசிய இடம் சிவந்தவருக்கும் இதே பதில்தான். 1995 இலிருந்து இலங்கையில் கறியுப்புக்கு அயடின் சேர்ப்பது கட்டாயம். அயடினே ஆகாது என்றால் மனிதர் இத்தனை வருடம் சோறு கறி தின்றது எப்படி?

கேட்க வேண்டிய கேள்வி வேறு. "முந்தி எப்போதாவது மருந்தடித்துப் படம் எடுத்திருக்கிறீங்களா? ஆஞ்சியோ செய்ததா? அப்போ என்ன நடந்தது?" உடம்பெல்லாம் சூடு பரவியது, வாயில் இரும்பு ருசி வந்தது, சிறுநீர் போய்விட்டது போல இருந்தது என்றால் பயமில்லை, அது மருந்தின் இயல்பு. தடிப்பு, கடி, கண் இமை வீக்கம், தொண்டை இறுக்கம், மூச்சு முட்டு என்று சொன்னால் மட்டும் பேனையை எடுங்கள். அப்படி வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ 5 மடங்கு. எந்த மருந்து என்று தெரிந்தால் அதை விட்டு வேறொன்றுக்கு மாறலாம். முன்கூட்டியே ஸ்டீரொய்ட் கொடுப்பதைவிட இந்த மாற்றம் அதிகம் பயன் தரும். ஆனால் கிளினிக் கொப்பியில் 'கொன்ட்ராஸ்ட் அலர்ஜி' என்ற இரண்டு சொல்தான் இருக்கும், மருந்தின் பெயர் இராது. தயவுசெய்து பெயர், செறிவு, அளவு, திகதி, என்ன நடந்தது, எத்தனை நிமிடத்தில் என்று ஆறையும் எழுதிவிடுங்கள்.

மருந்தாளர், கொட்டாஞ்சேனை:

பெயர் என்றதும் போத்தலின் லேபிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓம்னிபேக் ஒரு கொன்ட்ராஸ்ட் மருந்து. ஓம்னிபேக் 350 என்றால் ஒரு மில்லிலீற்றரில் 350 மில்லிகிராம் அயடின். 100 மி.லீ. போட்டால் 35 கிராம். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம்தான், கணக்குப் பார்த்தால் அறுநூறு வருடத்துக்கு மேல் காணும். பெரும்பகுதி பென்சீன் வளையத்தோடு கட்டுண்டிருப்பதால் உடம்பு அதைத் தொடுவதில்லை. சிறுநீரகம் நன்றாக இருந்தால் 24 மணித்தியாலத்துக்குள் கிட்டத்தட்ட முழுவதும் வெளியே போய்விடும்.

அடுத்தது ஒஸ்மோலாலிட்டி, அதாவது கரைசலில் துகள்கள் எவ்வளவு செறிந்திருக்கின்றன என்ற அளவு (கிலோவுக்கு மில்லிஒஸ்மோலில்). இரத்தம் ஏறத்தாழ 290. ஓம்னிபேக் 350 ஏறத்தாழ 840. விசிபேக் 320 என்ற இன்னொரு மருந்து இரத்தத்தின் அளவிலேயே, 290. பழைய அயனி வகையான (கரைந்தால் மின்னேற்றத் துகள்களாகப் பிரியும்) யூரோகிராபின் 76 சதவீதம் 2000 ஐ ஒட்டிப் போகும். யப்பானில் 3,37,647 பேரைப் பார்த்து 1990 இல் வந்த ஆய்வில் அயனி வகைக்கு 12.66 சதவீதமானோருக்கு ஏதோவொரு தாக்கம், அயனியற்றதுக்கு 3.13. கடுமையானது 0.22 க்கு எதிராக 0.04. பல நாடுகள் அயனியற்றதற்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அயனி வகை அலுமாரியிலிருந்து முற்றாகப் போய்விடவில்லை. கருப்பைக் குழாய்ப் படத்துக்கும் சிறுநீர்ப்பைப் படத்துக்கும் இன்னும் வைத்திருப்பார்கள். முள்ளந்தண்டுக்குள் போடும் மயலோகிராமுக்கு அந்தப் போத்தல் தவறிப்போய் எடுபட்டால் தசை துடிப்பு, வலிப்பு, மரணம். இதுவரை சொன்ன எந்த ஒவ்வாமையையும்விட எனக்குப் பயம் இந்தப் பிழைதான். முதுகெலும்புக்குள் அனுமதியுள்ளது அயோஹெக்சோல் (ஓம்னிபேக்கில் உள்ள மருந்து) 180, 240, 300 போன்ற சிலது மட்டும். அதே மருந்தின் 350 கூடக் கூடாது. வளர்ந்தவருக்கு மொத்த அயடின் 3 கிராமைத் தாண்டவும் கூடாது. அயனி வகையை வேறு தட்டில், வேறு பூட்டில் வையுங்கள். ஊசியில் இழுத்த பின் போத்தலை எறியாமல் மருந்து போட்டு முடியும்வரை மேசையில் வைத்திருங்கள், போடுகிறவர் தன் கண்ணால் வாசிக்கட்டும்.

தாதி, தெஹிவளை:

நாங்கள் அதிகம் காண்பது ஒவ்வாமையை அல்ல, மருந்து நரம்பை விட்டு வெளியே, தோலுக்கடியில் போவதை. ஸ்கேன் அறை ஏசியில் குளிர்ந்த ஓம்னிபேக் 350, பாணி (பாகு) மாதிரித் தடிப்பாக இருக்கும். 20 பாகையில் இருக்கும் பிசுபிசுப்பு 37 பாகையில் பாதியாகிறது. சூடாக்கும் பெட்டியில் 37 பாகையில் வைத்து எடுத்தால் நரம்பில் அழுத்தம் குறையும். ஓம்னிபேக் என்றால் அப்படி ஒரு மாதம்வரை வைக்கலாம். பெட்டிக்குள் வைத்த திகதியைப் போத்தலில் எழுதுங்கள், இல்லாவிட்டால் அடியில் கிடப்பது அங்கேயே கிடக்கும். சுடுதண்ணீரில் அமிழ்த்திச் சூடாக்க வேண்டாம்.

கனியூலா (நரம்பில் பொருத்தும் சிறு குழாய்) முழங்கை மடிப்பில் 20 அளவு (இளஞ்சிவப்பு) இருந்தால் செக்கனுக்கு 4 மி.லீ. வரை பெரும்பாலும் தாங்கும். நீலம், அதாவது 22 என்றால் 3 க்கு மேல் போக வேண்டாம். வாட்டில் மூன்று நாளுக்கு முன் புறங்கையில் போட்ட கனியூலாவோடு ஆளை அனுப்பினால் அதை நம்பாதீர்கள். முதலில் 10 முதல் 20 மி.லீ. சேலைன் தள்ளி, விரலை நரம்பின் மேல் வைத்துப் பாருங்கள். வீங்கினாலோ ஆள் முகத்தைச் சுளித்தாலோ புதிதாகக் குத்துங்கள். கழுத்து நரம்பில் போட்ட லைனில் இன்ஜெக்டரை (மருந்தை வேகமாகத் தள்ளும் இயந்திரத்தை) பூட்ட வேண்டுமானால் அதில் 'பவர் இன்ஜெக்ஷன்' அனுமதி அச்சிட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் லைன் வெடிக்கும். மருந்து ஓடத் தொடங்கும் முதல் செக்கன்களில் ஒருவர் பக்கத்தில் நின்று, பிறகு வெளியேறட்டும். பேச முடியாதவர், குழந்தை, கீமோ போட்டு நரம்பு காய்ந்தவர், மார்பு வெட்டிய பக்கத்துக் கை, இவைதான் ஆபத்து கூடியவை.

வெளியே போய்விட்டால் இன்ஜெக்டரை நிறுத்தி, கனியூலா வழியாக இழுத்துப் பார்த்து (பெரிதாக வராது), அதை அகற்றி, கையை இதயத்துக்கு மேலே உயர்த்தி, துணி சுற்றிய ஐஸ் வையுங்கள். வீக்கத்தின் எல்லையைப் பேனையால் வரைந்து நேரம் எழுதுங்கள். தேய்க்க வேண்டாம். விரல் விறைப்பு, விரலை நீட்டினால் தாங்க முடியாத வலி, கொப்புளம், தோல் வெளிறல், இவற்றில் ஒன்று வந்தாலும் சத்திரசிகிச்சை டொக்டரைக் கூப்பிட வேண்டும், எத்தனை மி.லீ. போனது என்று வாதாடிக்கொண்டிருக்க நேரமில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவு டொக்டர், கொழும்பு 8:

கடுமையான தாக்கம் பெரும்பாலும் முதல் 20 நிமிடத்துக்குள் வரும். ஆகவே கனியூலாவைக் கழற்றாமல் 30 நிமிடம் இருத்த வேண்டும். "பஸ் போய்விடும்" என்று எழும்புகிறவரையும் இருத்த வேண்டும்.

பிழை நடக்கும் இடம் இது: தடிப்போடு மூச்சு முட்டும், பிரஷர் இறங்கும், அப்போது கை முதலில் போவது ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொய்ட்டுக்கும் பிரிட்டோன் என்ற ஒவ்வாமை மருந்துக்கும். ஸ்டீரொய்ட் வேலை செய்ய மணித்தியாலங்கள் செல்லும். பிரிட்டோன் கடியைத் தணிக்குமே தவிர தொண்டையைத் திறக்காது. முதல் மருந்து அட்ரினலின். 1:1000 அம்பியூல் ஒன்றில் 1 மி.லீ. இருக்கும். வளர்ந்தவருக்கு அதில் பாதி, 0.5 மி.லீ., தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். உடுப்புக்கு மேலாலும் குத்தலாம். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி. இதே அம்பியூலை நேரே நரம்பில் தள்ளினால் இதயத் துடிப்பு குழம்பிவிடும். கால்களை உயர்த்தி, ஒட்சிசன் 10 லீற்றர், சேலைன் வேகமாக. எழுப்பி உட்கார வைக்கக் கூடாது. மூச்சு முட்டினால் மட்டும் தலைப்பக்கத்தை உயர்த்தலாம்.

பிரஷர் இறங்கிய எல்லாமே ஒவ்வாமை அல்ல. நாடியைப் பிடியுங்கள். வேகமாக ஓடினால் அனபிலக்சிஸ் (உயிராபத்தான கடும் ஒவ்வாமை) பக்கம். 50 க்குக் கீழே மெதுவாக, வியர்த்து, வெளிறி இருந்தால் பயத்தில் வரும் வேகல் மயக்கம். அதற்குக் கால் உயர்த்தலும் சேலைனும், தேறாவிட்டால் அட்ரோப்பின் 0.6 மி.கி. நரம்பிலும். இதயத் துடிப்பைக் குறைக்கும் அட்டெனொலோல், புரோப்ரனொலோல் குடிப்பவரில் நாடி ஏறாமல் ஏமாற்றும். அவருக்கு அட்ரினலின் சரியாகப் பிடிக்காமலும் போகலாம், அப்போது குளுக்ககொன் தேவைப்படும். ஆகவே குளிசைப் பையைத் திறந்து பார்ப்பதும் ஸ்கேனுக்கு முந்திய வேலைதான். ட்ரிப்டேஸ் இரத்தப் பரிசோதனை எடுக்க முடிந்தால் 1 முதல் 2 மணித்தியாலத்தில் எடுங்கள், பிறகு ஒவ்வாமைக் கிளினிக்குக்கு அதுதான் சாட்சி.

சிறுநீரகக் கிளினிக் டொக்டர், வெள்ளவத்தை:

சிறுநீரகத்தைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.2 என்றால் 'நோர்மல்' என்று தள்ளிவிடுகிறார்கள். 25 வயது ஆணுக்கு 1.2 என்றால் வடிகட்டும் வேகம் 86 அளவில். 70 வயதுப் பெண்ணுக்கு அதே 1.2 இல் 49 தான். ஆகவே ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற இந்த வடிகட்டும் வேகக் கணக்கைப் பார்க்க வேண்டும். துண்டில் 106 என்று கண்டு திடுக்கிடவும் வேண்டாம், அது மைக்ரோமோல். 88.4 ஆல் வகுத்தால் அதே 1.2.

நரம்பூசிக் கொன்ட்ராஸ்டால் சிறுநீரகம் கெடும் என்ற பயம் ஒரு காலத்தில் அளவுக்கு மிஞ்சி இருந்தது. இப்போது கவலைப்படும் எல்லை ஈ.ஜி.எஃப்.ஆர். 30. அதற்குக் கீழே இருந்தாலோ, சிறுநீரகம் திடீரென்று பழுதாகிக்கொண்டிருந்தாலோ, சேலைன் ஒரு கிலோவுக்கு மணிக்கு 1 மி.லீ. வீதம் ஸ்கேனுக்கு 3, 4 மணித்தியாலம் முன்னும் 4 முதல் 6 மணித்தியாலம் பின்னும் ஓட வேண்டும். இதயம் பலவீனமானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவலாக இருப்பதால், அங்கிருந்து கொழும்புக்கு வரும் விவசாயி எவ்வளவு திடகாத்திரமாகத் தெரிந்தாலும் இரத்தம் பார்க்காமல் மருந்து ஏற்ற வேண்டாம். முழங்கால் வலிக்குக் குடிக்கும் டைக்லோபினக்கை நிறுத்தச் சொல்லுங்கள்.

சீனி வருத்தக்காரரின் மெட்போர்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் படுத்தால் அது உடம்பில் தங்கி லக்டிக் அமிலத்தைக் கூட்டும், அதுதான் பிரச்சினை. 30 க்கு மேல் இருந்தால் நரம்பூசி ஸ்கேனுக்காக நிறுத்தத் தேவையில்லை. கீழே என்றால் ஸ்கேனோடு நிறுத்தி, 48 மணித்தியாலம் கழித்து கிரியேட்டினின் பார்த்துத் தொடங்கலாம். 'காலையிலிருந்து பச்சைத் தண்ணீரும் குடிக்காதே' என்று சொல்லி அனுப்பும் பழக்கத்தையும் விடுங்கள். இந்த வெயிலில் கோட்டையிலிருந்து நடந்து வருகிறவர் காய்ந்துபோய் வந்து சேருகிறார், அதுதான் சிறுநீரகத்துக்குக் கேடு.

ரேடியோகிராபர், கொழும்பு 10:

கையாள்வது பற்றி ஒருவரும் தொடவில்லை. நமக்கு உள்ள பெரிய ஆபத்து மருந்தல்ல, ஊசிமுனை. அதற்கடுத்தது நிலத்தில் சிந்துவது. முதலில் வழுக்கும், காய்ந்தால் பசை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியால்தான் போகும். ஆள் நுழையும் ஸ்கேன் வளையத்தின் (கன்ட்ரி) உள் ஜன்னலிலோ மெத்தையிலோ ஒரு சொட்டு காய்ந்து கிடந்தால் படத்தில் வெள்ளைப் புள்ளி, கோடு. அதைக் கல் என்றும் இரத்தக் கசிவு என்றும் படிக்க இடமுண்டு. கண்ணில் தெறித்தால் கொன்டக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றி, சேலைனால் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள்.

2022 இல் ஷங்காய் ஊரடங்கால் உலகெங்கும் ஓம்னிபேக்குக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஒரு போத்தலை இருவருக்குப் பிரிக்கும் யோசனை பல இடங்களில் வந்தது. கிருமியற்ற கூடத்தில் மருந்தாளர் பிரித்துத் தந்தால் சரி. ஸ்கேன் மேசையில் அதே குழாயோடு அடுத்தவருக்கு ஓட்டினால் முதல் ஆளின் இரத்தம் பின்னோக்கி ஏறியிருக்கும், ஹெபடைடிஸ் போகும் வழி அது. ஆளுக்கொரு குழாய். திறந்த போத்தலை நாளைக்கு வைக்காதீர்கள். பளிங்குத் துகளோ நிற மாற்றமோ இருந்தால் பாவிக்க வேண்டாம்.

மீதியைத் தொட்டியில் ஊற்றுவதும் கூடாது. வழமையான கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் இது உடையாது. கொழும்பு நகரக் கழிவு முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் உள்ள குழாய்களால் கடலுக்குப் போகிறது. குளோரின் சேர்க்கும் நீரில் கலந்தால் அயடின் கொண்ட நச்சுத் துணைப்பொருட்கள் உண்டாகலாம். மிஞ்சியதை மூடிய கலனில் மருந்துக் கழிவாக அனுப்புங்கள். அதற்கு முன், 60 கிலோ ஆளுக்கு 100 மி.லீ. போத்தலை முழுவதும் தள்ள வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள்.

தைரொயிட் கிளினிக் டொக்டர், நுகேகொடை:

ஒன்று விட்டுப் போயிற்று. கட்டியோடு பல வருடமாகக் கழுத்து வீங்கியிருக்கும் வயதானவருக்கு, மருந்திலுள்ள சிறிதளவு கட்டற்ற அயடினே தைரொயிட்டைத் துள்ள வைக்கும். உடனே தெரியாது, சில வாரம் கழித்து நெஞ்சு படபடப்பு, மெலிவு என்று வருவார். ஸ்கேன் எடுத்தது ஒருவருக்கும் ஞாபகம் இராது.

பாலூட்டும் தாய் பாலை நிறுத்தத் தேவையில்லை. தாய்க்குப் போன மருந்தில் 1 சதவீதத்துக்கும் குறைவே பாலில் வரும், அதிலும் 1 சதவீதம் கூடக் குழந்தையின் குடலில் ஏறாது. கர்ப்பத்தில் போட நேர்ந்தால் குழந்தை பிறந்த வாரத்தில் தைரொயிட்டுக்காகச் செய்யும் குதிக்கால் இரத்தப் பரிசோதனை தவறக் கூடாது.

மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அயடின்-131 (கதிரியக்க அயடின்) சிகிச்சைக்குப் போகவிருக்கும் தைரொயிட் புற்றுநோயாளிக்கு இடையில் கொன்ட்ராஸ்ட் ஸ்கேன் எடுத்தால், தைரொயிட் திசு முன்பே அயடினால் நிறைந்து சிகிச்சை மருந்தை வாங்காது. ஒன்று இரண்டு மாதம் பொறுக்க வேண்டிவரும். ஸ்கேன் அவசரமில்லை என்றால் கொன்ட்ராஸ்ட் இல்லாமல் எடுங்கள், எடுத்துவிட்டால் திகதியைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.