கவர்ச்சியான தோற்றம், அடக்கமான குணம்

குழு: மேல மாசி வீதி குடும்பம்
ஞாயிறு, காலை 7:12

சுந்தரம்: காலை வணக்கம். தீபாவுக்கு வரன் விவரம் எழுதிட்டேன். தரகர் இங்கிலீஷ்ல குடுத்த மாதிரியை போன்லயே தமிழாக்கினேன். பாத்துச் சொல்லுங்க.

சுந்தரம்: "வயது 27. பி.இ. சிவில். கோவையில் வேலை. உயரம் 5 அடி 4 அங்குலம். கவர்ச்சியான தோற்றம், அடக்கமான குணம்."

கார்த்தி: மாமா 🙈

தீபா: அப்பாாாா

தீபா: அதை முதல்ல அழிங்க

சுந்தரம்: ஏன்மா, உயரம் தப்பா?

கார்த்தி: உயரம் சரிதான் மாமா. கவர்ச்சிதான் இடிக்குது.

சுந்தரம்: அட்ராக்டிவ்னு இருந்துச்சு, போன் இப்படிக் குடுத்துச்சு. பேப்பர்ல தினம் போடுறானே? கவர்ச்சிகரமான சம்பளம், கவர்ச்சிகரமான பரிசுனு. ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் வீட்லயே கெடக்கு, போட்டோ எடுத்து அனுப்பவா?

செல்வி: ஏங்க, தள்ளுபடியும் நம்ம பொண்ணும் ஒண்ணா?

முருகேசன்: அண்ணே, கவர்ச்சி நடனம்னு போஸ்டர் ஒட்டுன படத்துக்கு என்னையக் கூட்டிட்டுப் போனது யாரு? 😄

சுந்தரம்: பிள்ளைங்க இருக்கற குழு முருகேசா.

கவின்: நான் இருக்கேன் பெரியப்பா. நாளைக்குத் தமிழ்ப் பரீட்சை. வெட்சித் திணைன்னா ஆநிரை கவர்தல். அங்க கவர்தல்னா மாட்டை ஓட்டிட்டுப் போறதுதான அத்தை?

சரஸ்வதி: ஆமாடா, அதேதான். கவர்தல்னா எடுத்துக்கறது, பறிச்சுக்கறது. நூறாவது குறள் ஞாபகம் இருக்கா? "கனியிருப்பக் காய்கவர்ந் தற்று". பழம் இருக்கறப்ப காயை எடுத்துக்கிட்ட மாதிரி. மனசை எடுத்துக்கிட்டா மனசைக் கவர்ந்தான்னு சொன்னாங்க. அது நல்ல வார்த்தைதான், இன்னைக்கும் தப்பில்ல. கவர்ச்சினு ஆக்கி சினிமா போஸ்டர்ல ஒட்டினதும் அரைகுறை உடுப்புக்குப் பேரா மாறிருச்சு. சம்பளத்துக்கு முன்னாடி வந்தா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. பொண்ணுக்கு முன்னாடி வந்தா முருகேசனுக்கு போஸ்டர் ஞாபகம் வருது.

முருகேசன்: அக்கா 🙏

சுந்தரம்: அப்ப வசீகரமான தோற்றம்னு போடவா?

சரஸ்வதி: அது வடமொழி. வசப்படுத்தறது. வசியமும் அதே குடும்பம்தான். வசீகரமான குரல்னா கேக்க நல்லாருக்கு. நம்ம பொண்ணுக்கு நாமளே போட்டா மை வச்சிருக்கோம்னு நினைப்பாங்க.

கார்த்தி: ஈர்க்கும் தோற்றம்?

தீபா: நான் என்ன பூமியா?

சரஸ்வதி: ஈர்த்தல்னா இழுக்கறது. ஆனா அறுக்கறதுக்கும் அதே ஈர்தான். ரம்பத்துக்கு ஈர்வாள்னு பேரு. 334ஆம் குறள்ல "உயிர்ஈரும் வாள்"னு வள்ளுவர் சொல்றது ஒவ்வொரு நாளையும்.

வாசுகி: எனக்குத் தெரிஞ்ச ஈரு தலையில இருக்கறதுதான் அண்ணி. ஈரைப் பேனாக்கி பேனைப் பெருமாளாக்குற வேலை காலங்காத்தால நடக்குது. லட்சணமான பொண்ணுனு போட்டு முடிங்க.

தீபா: எங்க ஆபீஸ்ல பிள்ளைங்க க்ரஷ்னு சொல்லுவாங்க. க்ரஷ்னா நசுக்குறது. நாங்க சைட்ல கான்கிரீட் கட்டியை 28 நாள் தண்ணியில போட்டு எடுத்து நசுக்கிப் பாப்போம், எவ்வளவு தாங்குதுனு.

கார்த்தி: எல்லா க்ரஷ்ஷுக்கும் அந்த 28 நாள் விதி வைக்கலாம் 😂

கார்த்தி: நான் நித்யாவைப் பத்தி வீட்ல சொன்னப்ப அம்மா வாயில வந்த வார்த்தை என்ன தெரியுமா? "இது காதல் இல்லடா, வெறும் இனக்கவர்ச்சி." கல்யாணமாகி 6 வருஷம் ஆச்சு.

நித்யா: அத்தை?? 👀

சரஸ்வதி: அப்ப 'வாழ்வியல்' வகுப்பு எடுத்துட்டு இருந்தேன். அந்த வார்த்தை கைவசம் இருந்துச்சு.

நித்யா: சாயங்காலம் பேசிக்கலாம் அத்தை 😊

சரஸ்வதி: இதெல்லாம் எழுத்துல இருக்கற வார்த்தை. எனக்கு அவர்மேல ஈர்ப்புனு வீட்ல எவ பேசுறா? பொண்ணு பாக்க வந்தா ஒரே கேள்விதான், பிடிச்சிருக்கா?

கவின்: சளி பிடிச்சிருக்கு, பேய் பிடிச்சிருக்கு 😄

சரஸ்வதி: சிரிக்காத, அதுலதான் இலக்கணம் இருக்கு. எனக்குச் சளி பிடிச்சிருக்குனா மாத்திரை வாங்கணும். எனக்குச் சளியைப் பிடிச்சிருக்குனு சொல்லிப் பாரு.

கவின்: ஐயே

சரஸ்வதி: அந்த "ஐ" ஒண்ணுதான் வித்தியாசம். இன்னொண்ணையும் கவனி. "நான் பிடிக்கிறேன்"னு சொல்றதில்ல, "எனக்குப் பிடிச்சிருக்கு". நாம ஒண்ணும் பண்ணல, அதுவா வந்து பிடிச்சிக்கிச்சு. காய்ச்சல் மாதிரி.

தீபா: இது நல்லாருக்கு அத்தை

செல்வி: நான் சொல்றேன் கேளுங்க. மூக்கும் முழியுமா இருப்பா. களையான முகம். எங்கம்மா என்னைப் பத்தி அப்படித்தான் சொன்னாங்க, அதை நம்பித்தான் இவரும் வந்தாரு.

கார்த்தி: களைன்னா வயல்ல பிடுங்குவாங்களே அத்தை

செல்வி: நீ போய் டிபன் சாப்பிடு கார்த்தி.

சுந்தரம்: சரி. களையான முகம். பழசை அழிச்சிட்டேன்.

தீபா: இங்க இன்னும் இருக்குப்பா

சுந்தரம்: என் போன்ல காணோமே

கார்த்தி: மாமா, "எனக்கு மட்டும் நீக்கு"னு அமுக்கியிருக்கீங்க. இனிமே உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

செல்வி: தரகருக்கு இன்னும் அனுப்பலேல்ல?

செல்வி: ஏங்க?

சுந்தரம்: ராத்திரியே அனுப்பிட்டேன். அவரு அவரோட குழுவுல போட்டுட்டாரு.

தீபா: 😭

தீபா: யாராவது பதில் போட்டாங்களா?

சுந்தரம்: 11 பேரு ஜாதகம் கேட்டிருக்காங்க.

கவின்: அப்ப கரந்தைத் திணை. கவர்ந்து போனதை மீட்டுட்டு வரணும்.

சரஸ்வதி: நீ போய்ப் படிடா.