மாட்டு வைத்தியர் கேரக்டருக்கு மூலிகை விதி: 1டி4 எச்பி மட்டும் போதுமா?

இருபதுமுகம் (கேள்வி)

டி அன்ட் டி (பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் மேசை ஆட்டம்) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். உலகம் சொந்தக் கற்பனை. கதை முழுக்க ஒரு வணிகச் சாத்தோடு (வியாபாரிகளின் வண்டிக் கூட்டம்) நகர்கிறது: 30 வண்டி எருதுகள், 4 குதிரைகள், ஒரு யானை, ட்ரூயிடின் (இயற்கை மந்திரம் போடுபவர்) வேட்டைநாய், விஸார்டின் (மந்திரவாதி) பூனை. ஒரு பிளேயர் கால்நடை வைத்தியராக வருகிறார். ஹெர்பலிசம் கிட் பயிற்சி, விஸ்டம் +3, முதல் லெவல்.

இப்போது என் விதி இதுதான்: மூலிகை கண்டுபிடிக்க டிசி (இருபது முகப் பகடையும் கூட்டெண்ணும் சேர்ந்து தொட வேண்டிய எண்) 15, மருந்து அரைக்க டிசி 12, மிருகத்துக்குக் கொடுக்க டிசி 12. மூன்றும் தேறினால் 1டி4 எச்பி, அதாவது நாலு முகப் பகடை ஒன்று காட்டும் அளவு உயிர்ப்புள்ளி திரும்பும். டெஸ்ட் பண்ணிப் பார்த்ததில் படு சப்பையாக இருக்கிறது. எந்த மூலிகை எடுத்தாலும் ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. மேசையில் எல்லோரும் தமிழ் ஆட்கள், அதனால் மூலிகைகள் நமக்குத் தெரிந்தவையாகவே இருக்கட்டும். எங்கே மாற்றலாம்?

செவலைக்காளை

முதலில் எச்பி-யை விட்டுத்தள்ளுங்கள். வேட்டைநாய்க்கு மொத்தமே 5 எச்பி, சவாரிக் குதிரைக்கு 13. ட்ரூயிட் குட்பெரி மந்திரம் போட்டால் 10 பழம், பழத்துக்கு 1 எச்பி. நாய்க்கு 5 பழம் கொடுத்தால் கதை முடிந்தது. அந்த இடத்தில் உங்கள் வைத்தியர் 1டி4-க்காக மூன்று தடவை பகடை உருட்டினால், அவரை விட ட்ரூயிடே நல்ல மாட்டு வைத்தியர் என்றாகிவிடும்.

மூலிகைக்கு வேலை நோயில்தான். எந்த நோய், எந்த வழியாக மருந்து போகிறது, எந்த வயிற்றுக்குள் போகிறது: இந்த மூன்றில்தான் ஆட்டமே இருக்கிறது. ஒரு உதாரணத்தை முழுசாகச் சொல்கிறேன், மற்றதை அதே அச்சில் வார்த்துக்கொள்ளுங்கள்.

வயிறு உப்புசம். சாத்து ஒரு இளம் குதிரைமசால் (பயறினத் தீவனப் பயிர்) வயலோரம் இரவு தங்குகிறது. விடியலில் பனி ஈரத்தோடு எருதுகள் வயிறு முட்ட மேய்ந்துவிடுகின்றன. மாட்டின் இடப்பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் முதலில் மறையும், பிறகு முதுகெலும்புக்கு மேலேயே புடைக்கும். தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம். அசை நின்றுவிடும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும். வலப்பக்கத்தைப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லும் வைத்தியருக்குத்தான் தோற்ற பகடை.

இதில் இரண்டு வகை. வெறும் காற்று அடைத்திருந்தால், வாயில் குறுக்குக் குச்சி கட்டி மெல்ல வைத்து, முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்தினால் ஏப்பம் வர வாய்ப்பு உண்டு. பச்சைப் பயறினத் தீவனம் தின்று வருவது பெரும்பாலும் நுரை. நுரை ஏப்பமாக வெளியே வராது. இடப்பக்கம் குத்தி ஊசிக்குழாய் இறக்கினாலும் நுரை குழாயை அடைத்துக்கொள்ளும். அதற்கு எண்ணெய்தான்: எருதுக்குக் கால் லிட்டர் முதல் அரை லிட்டர் வரை நல்லெண்ணெய். எண்ணெய் நுரையை உடைக்கும், உடைந்த பிறகுதான் காற்று மேலே வரும். நம் ஊர்க் கைமருந்து வேண்டுமென்றால்: வெங்காயம் 100 கிராம், இஞ்சி 100 கிராம், பூண்டு 10 பல், காய்ந்த மிளகாய் 2, சீரகம் 10 கிராம், மிளகு 10, வெற்றிலை 10, மஞ்சள் 10 கிராம். அரைத்து 100 கிராம் வெல்லம் சேர்த்து, சின்னச் சின்ன உருண்டையாகக் கல்லுப்பு தொட்டு நாக்கில் தேய்ப்பது.

நேரக் கெடு வையுங்கள். வீக்கம் தெரிந்ததிலிருந்து அரை மணிக்கு ஒரு எக்ஸாஸ்ஷன் (களைப்பு) லெவல். ஆறாவது லெவல் சாவு என்று விதியிலேயே இருக்கிறது, ஆக வைத்தியருக்கு மூன்று மணி நேரம். இரண்டாவது லெவலிலேயே வேகம் பாதியாகிவிடும், சாத்து அங்கேயே நிற்கும். ஒரு எருது என்றால் பரவாயில்லை, ஏழு எருது உப்பினால் எதை முதலில் பார்ப்பது என்பதே ஒரு முழு செஷன்.

புகட்டுவதிலும் ஆபத்து உண்டு. தலையை அண்ணாந்து பிடித்து, நாக்கை வெளியே இழுத்து, மூங்கில் குழாயால் மடமடவென ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குப் போகும். மூக்கு கண் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது, நாக்கு அதன் போக்கில் இருக்க வேண்டும், கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. இருமினால் உடனே தலையை விட்டுவிட வேண்டும். அனிமல் ஹேண்ட்லிங் (மிருகத்தைக் கையாளும் திறன்) டிசி 12, 5-க்கு மேல் தவறினால் புரையேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்புசம் வடிந்துவிடும், எல்லோரும் கைதட்டுவார்கள். இரண்டாம் நாள் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வரும்.

இது ஆட்டத்துக்கான கணக்கு. வீட்டு மாடு உப்பினால் டாக்டருக்குப் போன் பண்ணுங்கள்.

கணக்குப்பிள்ளை

விதிப் பக்கத்திலிருந்து. உங்கள் வைத்தியருக்கு விஸ்டம் +3, முதல் லெவல் பயிற்சிக்கு +2, ஆக +5. டிசி 15-ஐத் தொட 55 சதவீதம், டிசி 12-ஐத் தொட 70. மூன்றும் தேற 0.55 × 0.7 × 0.7, அதாவது 27 சதவீதம். நாலு தடவையில் மூன்று தடவை தோற்கிற வைத்தியரிடம் யாரும் மாட்டை அவிழ்த்துவிட மாட்டார்கள். அரைக்கும் உருட்டைத் தூக்கிவிடுங்கள். நேரமும் சரக்கும் செலவானால் போதும். நோயறிவது ஒன்று, கொடுப்பது ஒன்று. நோயறியும் உருட்டை மட்டும் டிஎம் (கதையை நடத்துபவர்) திரைக்குப் பின்னால் உருட்டுங்கள், தப்பாகக் கணித்தது ஆட்டக்காரருக்கே தெரியக் கூடாது.

லெசர் ரெஸ்டோரேஷன் (நோய் தீர்க்கும் மந்திரம்) வந்ததும் நோய்க்கும் மதிப்பு போய்விடும் என்று பயப்பட வேண்டாம். மூன்றாம் லெவல் ட்ரூயிடுக்கு இரண்டாம் நிலை ஸ்லாட் (அந்த நிலை மந்திரம் போடும் வாய்ப்பு) நாளுக்கு இரண்டுதான். 30 எருதுக்கும் கோமாரி வந்தால், வேறு எதற்கும் ஸ்லாட்டைத் தொடாமலேயே 15 நாள். மூலிகை மந்தைக்கு, மந்திரம் ஒற்றை உயிருக்கு.

கோமாரிக்கான வாய் மருந்து, ஒரு மாட்டுக்கு ஒரு வேளைக்கு: சீரகம், வெந்தயம், மிளகு தலா 10 கிராம் ஊறவைத்து அரைத்து, மஞ்சள் 10 கிராம், பூண்டு 4 பல், வெல்லம் 120 கிராம், ஒரு தேங்காய்த் துருவல் சேர்த்து நாக்கிலும் மேலண்ணத்திலும் தடவுவது. தினம் மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் புதிதாக. 30 எருது, மூன்று நாள் என்றால் 270 வேளை. மிளகு 2.7 கிலோ, கிட்டத்தட்ட 6 பவுண்டு. விதிநூல் விலைப்படி ஒரு பவுண்டு மிளகும் ஒரு செம்மறியும் ஒரே விலை, 2 ஜிபி (பொற்காசு). ஆக 12 ஜிபி. எருது ஒன்று 15 ஜிபி, மந்தை 450. மிளகு வாங்குவது லாபம்தான், ஆனால் 32 கிலோ வெல்லமும் 270 தேங்காயும் எந்த வண்டியில் வரும்? பாலைவன வழியில் வியாபாரி தேங்காய்க்கு என்ன விலை சொல்வான்? சாகசமே அதுதான்.

இந்த மருந்து கிருமியைக் கொல்லாது. வாய்ப்புண் ஆற்றித் தீனி எடுக்க வைக்கும், அவ்வளவுதான். வளர்ந்த மாடு பெரும்பாலும் பிழைக்கும், கன்றுகள்தான் போகும். நோய் சக்கரத்திலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும் என்பதையும் விதியில் சேருங்கள், ஊர்க்காரர்கள் சாத்தை வாசலிலேயே மறிப்பார்கள். பெரும்பாலும் இரட்டைக் குளம்பு உள்ளவற்றுக்குத்தான் இது வரும், குதிரைக்கு வராது. சென்டார் (பாதி குதிரை) பிளேயர் தப்பிப்பார். மினோட்டார் (மாட்டுத்தலை மனிதர்) யாராவது இருந்தால் அவரை எருதுகள் பக்கம் படுக்க விடாதீர்கள்.

இருபதுமுகம்

மினோட்டார் இருக்கிறார்! ரொம்ப நன்றி. செவலைக்காளை அண்ணே, அந்த உப்புச உருண்டையில் வெங்காயம், பூண்டு இருக்கிறதே. நாய்க்கு வெங்காயம் விஷம் என்கிறார்கள். வைத்தியர் மிச்ச உருண்டையை நாய்க்குக் கொடுத்தால் சாகுமா? புண்ணுக்குப் போடும் பற்று ஒன்றும் வேண்டும்.

பூனைவணங்கி

நாய் சாகாது. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பது உண்மை, ஆனால் அளவு இருக்கிறது. நாய்க்குக் கிலோ எடைக்கு 15 கிராமுக்கு மேல் போனால்தான் பெரிய சேதம். 40 கிலோ வேட்டைநாய்க்கு அது 600 கிராம், உருண்டை மொத்தத்திலும் வெங்காயம் 100 கிராம்தான். பூனைக்கு 5 கிராமே போதும். 4 கிலோ பூனைக்கு 20 கிராம், அதாவது அந்த மருந்தில் ஐந்தில் ஒரு பங்கு. பூண்டும் அதே வேலையைச் செய்யும், அதனால் அதைவிடக் குறைவிலேயே ஆபத்து. அறிகுறி உடனே தெரியாது, சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் பழுப்பாகும். அதற்குள் பார்ட்டி எதைத் தின்றது என்பதையே மறந்திருக்கும்.

விஸார்டின் பூனை ஃபெமிலியர் என்றால் இந்தக் கவலையே வேண்டாம், அது பூனை வேஷம் போட்ட ஆவி. செத்தாலும் 10 ஜிபி சரக்கில் திரும்பி வரும்.

நிஜப் பூனை என்றால் இன்னொன்று: வில்லோ பட்டைக் கஷாயம். குதிரைக்கு வலி மருந்து என்று காய்ச்சி வைத்ததைப் பூனைக்கும் ஒரு மடக்கு கொடுப்பது. பட்டையில் இருக்கும் சாலிசிலேட்டைப் பூனையின் ஈரல் மிக மெதுவாகத்தான் கழிக்கும். இன்று கொடுத்தது போகுமுன் நாளைக்கும் கொடுத்தால் உள்ளே சேர்ந்துகொண்டே போகும்.

பற்றுக்கு, மடிநோய்க்குப் போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைக்க அரைக்க மஞ்சள் நிறம் மாறிச் செங்கல் சிவப்பாக வரும், சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் அப்படித்தான். பாலை முழுக்கக் கறந்துவிட்டு, மடியைக் கழுவி, ஒரு கைப்பிடி விழுதை நீரில் கரைத்துப் பூச வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து தடவை, ஐந்து நாள். பத்து தடவை என்பதுதான் பிளேயரைக் கொல்லும்: வைத்தியர் அந்த ஐந்து நாளும் காவலுக்கோ சண்டைக்கோ வர முடியாது. நிறம் சிவக்கவில்லை என்றால் சுண்ணாம்பு போதவில்லை அல்லது வியாபாரி கலப்படம் செய்திருக்கிறான். கையளவு தெரியாமல் கூடப் போட்டால் தோல் வெந்துவிடும்.

குளம்புப் புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி தலா ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் 20 கிராம், கால் லிட்டர் நல்லெண்ணெயில் காய்ச்சி ஆறவிட்டுத் தடவுவது. புழு வைத்திருந்தால் முதல் நாள் இதைப் போடாமல் சீத்தா இலை விழுதோ கற்பூரம் கரைத்த தேங்காயெண்ணெயோ போட்டுப் புழுவை வெளியேற்ற வேண்டும். குப்பைமேனிக்கு இன்னொரு பெயர்தான் என் பெயர். வேரோடு பிடுங்கினால் அந்த வேர் வாசனைக்குப் பூனைகள் கிறங்கிப் புரளும். வைத்தியர் பையில் வேர் இருந்தால் பூனைக்கு விஸ்டம் சேவ் (பாதிப்பிலிருந்து தப்பும் உருட்டு), டிசி 13. வேங்கைக்கும் வேலை செய்யுமா என்று கேட்காதீர்கள், அது டிஎம் கையில்.

ஆடாதொடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடு தொடாத இலை, பெயரிலேயே விதி இருக்கிறது: தீவனத்தில் மறைத்துக் கொடுக்க முடியாது, புகட்டியே ஆக வேண்டும். இருமலுக்கு நல்லது. ஆனால் கருப்பையைச் சுருக்கும், சினை மாட்டுக்குக் கொடுத்தால் கன்று வீசிவிடும். இரும ஆரம்பிக்கும் முதல் மாட்டையே சினை மாடாக வையுங்கள்.

கவளம்

யானையை யாரும் தொடவில்லையே. எடை பத்து மடங்கு என்றால் மருந்தும் பத்து மடங்கு என்று எழுதிவிடாதீர்கள். 1962-ல் ஓக்லஹோமா சிட்டியில் டஸ்கோ என்ற யானைக்கு, பூனைக்கான அளவை எடைக்கு எடை பெருக்கி 297 மில்லிகிராம் எல்எஸ்டி ஊசி போட்டார்கள். சில நிமிடங்களில் சரிந்து விழுந்தது, இரண்டு மணி நேரத்துக்குள் செத்துப்போனது. உடம்பு பெருக்கிற அதே கணக்கில் மருந்தைக் கழிக்கும் வேகம் பெருகுவதில்லை. தோராயமாக எடை விகிதத்தின் 0.75 அடுக்கு. 400 கிலோ எருதுக்கான மருந்து 4,000 கிலோ யானைக்குப் பத்து மடங்கு வேண்டாம், ஐந்தரை மடங்கு போதும். மேசையில் சொல்ல எளிதாக: எடை பத்து மடங்குக்கு மருந்து ஐந்து மடங்கு. வைத்தியர் பத்து மடங்கு கொடுத்தால் கான்ஸ்டிடியூஷன் சேவ்.

கொடுக்கும் முறை சோற்றுக் கவளம்தான், உள்ளே மருந்து, வெளியே வெல்லம். கசப்பு பட்டுவிட்டால் துப்பிவிடும், அடுத்த வேளை நல்ல கவளத்தையும் பிரித்துப் பார்த்துத்தான் தின்னும். முதல் தோல்விக்குப் பின் டிசி-யை 5 ஏற்றுங்கள்.

குதிரைக்கு ஒரு வரி: அதற்கு வாந்தியே வராது. எதிரி தண்ணீர்த் தொட்டியிலோ வைக்கோலிலோ அரளி இலையைக் கலந்தால், வாந்தி மருந்து கொடுக்கும் வைத்தியர் நேரத்தைத்தான் வீணாக்குவார். அரளி காய்ந்தாலும் விஷம் போகாது, ஒரு கைப்பிடி இலையே குதிரைக்குக் காணும். கரித்தூளைக் கரைத்து உள்ளே அனுப்பி, குதிரையை நடக்கவிடாமல் கட்டிப்போட்டு, நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். துடிப்பு விட்டு விட்டு வரும்.

இருபதுமுகம்

முதல் செஷன் குதிரைமசால் வயல்தான், ஏழு எருது. எண்ணெய்ச் சாடி ஒன்றே ஒன்று வைக்கிறேன், இரண்டரை லிட்டர்.

செவலைக்காளை

ஆளுக்குக் கால் லிட்டர் என்றால் ஒன்றே முக்கால் லிட்டர், மீதி இருக்கும். சாடியை ஒன்றரை லிட்டராக்குங்கள்.