பழைய பவர் டில்லர்: சேற்றில் கரும்புகை, பெட்டியில் வெளுத்த ஆயில்

கேள்வி (மன்னார்குடி)

அனைவருக்கும் வணக்கம். பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பில் ஓடிக்கொண்டிருந்த 12 குதிரைத்திறன் பவர் டில்லர் (பின்னால் நடந்து ஓட்டும் உழவு இயந்திரம்) ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். ஹேண்டில் போட்டுச் சுற்றினால் காலைக் குளிரிலும் உடனே பிடித்துக்கொள்கிறது. சும்மா ஓடும்போது புகையும் இல்லை. ஆனால் நாற்றங்காலுக்குச் சேறு அடிக்க இறக்கியதும் கரும்புகை கக்கி, கத்தியின் வேகம் குறைந்து, திணறி நின்றுவிடுகிறது. கத்திப் பக்கத்து கியர் பெட்டியின் ஆயிலைப் பார்த்தால் மோர் கலந்ததுபோல் வெளுத்திருக்கிறது. எஞ்சினைப் பிரித்து பிஸ்டனும் ரிங்கும் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை நெல்லுக்கு நாள் அதிகம் இல்லை. இந்தச் செலவு தேவைதானா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (திருத்துறைப்பூண்டி)

ஐயா, தயவுசெய்து எஞ்சினை இப்போது பிரிக்க வேண்டாம். ரிங் தேய்ந்திருந்தால் காலையில் அவ்வளவு எளிதாகப் பிடிக்காது. புகையும் நீலமாக வரும், ஆயிலும் குறைந்துகொண்டே போகும். சுமை ஏறும்போது மட்டும் கரும்புகை வருகிறதென்றால், டீசல் எரியப் போதுமான காற்று உள்ளே போகவில்லை, அல்லது எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் அதைப் பனிபோல் தூவாமல் ஒழுகவிடுகிறது என்றே முதலில் எண்ண வேண்டும். தோப்பின் வறண்ட மண்ணில் ஓடிய வண்டி என்கிறீர்கள். அங்கே கிளம்பும் புழுதி முழுவதையும், எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் கிளீனர்தான் குடித்திருக்கும். அடியிலுள்ள கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள், ஆயில் கூழாகிக் களிபோல் ஒட்டியிருக்கலாம். கிண்ணத்தையும் வலையையும் டீசலில் நன்றாக அலசி, காயவைத்து, கோடிட்ட அளவுக்கு மட்டும் புது ஆயில் ஊற்றுங்கள். கோட்டைத் தாண்டி ஊற்றினால் அந்த ஆயிலையே எஞ்சின் உறிஞ்சிக்கொள்ளும்.

அதன் பிறகும் புகை நிற்கவில்லையென்றால் நாசிலை மட்டும் கழற்றி, டீசல் பம்ப் பழுதுபார்க்கும் கடையில் சோதித்து வாங்குங்கள். டீசல் ஃபில்டரையும் மாற்றுங்கள். மாற்றியபின் ஃபில்டர் திருகு, பம்ப் திருகு, நாசில் குழாய் என்ற வரிசையில் ஒவ்வொன்றாகத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். எஞ்சின் விசையைக் கத்திக்குக் கொண்டுசெல்லும் பெல்ட்டுகளையும் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். ஒன்று தொய்ந்து, மற்றொன்று விறைப்பாக இருந்தால் அனைத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதியதும் பழையதும் கலந்தால் புதியதே எல்லாச் சுமையையும் தாங்கிச் சீக்கிரம் அறுந்துபோகும்.

பதில் 2 (நாகப்பட்டினம்)

எஞ்சினைவிட அந்த வெளுத்த ஆயிலே எனக்குக் கவலை தருகிறது. கத்தித் தண்டின் ஓரத்திலுள்ள ஆயில் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. தண்ணீர் கலந்த ஆயில் பல் சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் வழுக்கு தராது. இப்படியே ஒரு போகம் ஓட்டினால், நீங்கள் பயப்படும் பிஸ்டன் செலவைவிடப் பெட்டிச் செலவு பெரிதாகிவிடும். நான் என் வண்டியில் பட்டு அறிந்தது இது. சீலை மாற்றிய இரண்டாம் நாளே மீண்டும் கசிந்தது. தண்டைத் துடைத்து நகத்தால் வருடிப் பார்த்தபோதுதான், பழைய சீலின் உதடு உரசி உரசி மெல்லிய பள்ளம் விழுந்திருந்தது தெரிந்தது. புது சீலை அந்தப் பள்ளத்தில் உட்காராதபடி சற்றுத் தள்ளிப் பொருத்திய பிறகே கசிவு நின்றது. பொருத்தும் முன் சீலின் உதட்டில் கிரீஸ் தடவ மறக்க வேண்டாம். தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள்; ஆட்டம் இருந்தால் பேரிங்கையும் மாற்றாமல் சீல் நிற்காது. பெட்டியை டீசல் விட்டுக் கழுவி, முழுவதும் வடித்த பின்பே 90 எண் கியர் ஆயில் ஊற்றுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கத்தி சுழலும்போது ஒருபோதும் ரிவர்ஸ் எடுக்காதீர்கள். சேற்றில் கால் வழுக்கினால் கத்தி நம்மேலேயே ஏறிவிடும். சுற்றிய வைக்கோலை எடுக்கும்போதும் எஞ்சினை அணைத்துவிட்டே கைவைக்க வேண்டும்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. ஏர் கிளீனர் கிண்ணத்தில் இரண்டு விரல் கனத்துக்குக் கருங்களி இருந்தது. அலசிப் பொருத்தியதும் கரும்புகை பெரும்பாலும் நின்றுவிட்டது. கத்திகளைக் கழற்றியபோது, தண்டைச் சுற்றி வைக்கோலும் அறுந்த நைலான் வலையும் திரிதிரியாக முறுக்கிக்கொண்டு சீலுக்குள்ளேயே நுழைந்திருந்தன. சீலின் உதடு ஒரு பக்கம் கிழிந்திருந்தது. தண்டில் பள்ளம் இல்லை, பேரிங்கிலும் ஆட்டம் இல்லை. புது சீல் போட்டு, பெட்டியைக் கழுவி ஆயில் மாற்றிவிட்டேன். நேற்று நாற்றங்காலில் அரை நாள் சேறு அடித்தேன். மாலையில் அளவுக்கோலை எடுத்துப் பார்த்தபோது ஆயில் தேன் நிறத்திலேயே இருந்தது.