"சீர்நிறம்" வேண்டாம், "சமப்பிடிப்பு" வைக்கலாமா?

வணக்கம் எல்லாருக்கும்,

தோல்வேலைச் சொற்பட்டியலில் லெவலிங், அதாவது சாயம் தோலெங்கும் ஒரே அளவாகப் பிடிக்கச் செய்வது, என்பதற்குச் "சீர்நிறம்" என்று போட்டிருக்கிறது. எனக்கு அது பொருந்தவில்லை. சீர்நிறம் வேலை முடிந்தபிறகு கண்ணுக்குத் தெரிவது, நாங்கள் பெயர் தேடுவதோ அதற்கு முன்னால் தோலுக்குள் நடப்பதற்கு. இங்கே கிளிநொச்சிப் பக்கம் பையும் இடுப்புப்பட்டியும் தைக்கிறவர்கள் "சாயம் ஒருமிக்கப் பிடிக்கேல்லை" என்றுதான் சொல்கிறார்கள். பிடிப்பது என்ற வினை கையிலேயே இருக்கிறது, அதனால் சமப்பிடிப்பு.

ஒரே தோலில் முதுகுப்பக்கம் நார் நெருக்கமாக இருக்கும், வயிற்றுப்பக்கம் தளர்ந்திருக்கும், தளர்ந்த இடம் சாயத்தைக் கூடக் குடிக்கும், பசையோ விரல் எண்ணெயோ பட்ட இடம் அனேகமாகக் குடிக்கவே குடிக்காது. இதோடு சோளகக் காற்றும் அடித்தால் ஸ்பிரிட் சாயம் (மதுசாரத்தில் கரைத்த சாயம்) பூசுகிற கைக்கு முன்னால் காய்ந்துவிடும், அடுத்த இழுப்பு அதன்மேல் ஏறிய இடத்தில் கோடு விழும். ஆகவே கதவைச் சாத்திவிட்டு, சாயத்தை அதன் கரைப்பானில் ஐதாக்கி, அதாவது செறிவைக் குறைத்து, மெல்லிய பூச்சாக ஒருமுறை நெடுக்கும் அடுத்தமுறை குறுக்குமாகப் பூச வேண்டும். இவ்வளவும் பிடிப்பைச் சமப்படுத்துகிற வேலைதானே?

ஐதாக்கல் என்பதையும் பட்டியலில் சேருங்கள். எங்கள் பள்ளி இரசாயனப் புத்தகங்களில் இருக்கிற சொல். தமிழ்நாட்டு நண்பர்கள் நீர்த்தல் என்பார்கள், ஆனால் ஸ்பிரிட் சாயத்தில் நாம் ஊற்றுவது நீரல்ல.

அப்புறம் கண்டிஷனிங், அதாவது தோலுக்கு எண்ணெய் ஊட்டுவது. அதற்குப் "பதப்படுத்தல்" என்று எழுதியிருப்பதை மாற்றியே ஆக வேண்டும், ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பச்சைத்தோலைப் பதனிடுகிற வேலையோடு அது குழம்பிவிடும். நெய்ப்பூட்டல் என்று வைக்கலாம். நெய்ப்பு என்றால் எண்ணெய்ப்பசை, பழைய சொல்தான். சாயத்துக்கு முதல்நாள் மாட்டுக்கால் எண்ணெயை மிக மெல்லிசாகத் தடவி ஊறவிட்டால் சமப்பிடிப்புக்கு உதவும். சாயம் காய்ந்து, மிச்சத்தைத் துணியால் நன்றாகத் துடைத்தபிறகு திரும்பவும் தடவுவது தோல் வெடிக்காமல் இருக்க, அப்போது நிறம் கொஞ்சம் கறுக்கும். இரண்டையும் முன்நெய்ப்பு, பின்நெய்ப்பு என்று பிரிக்கலாம்.

துணிக்குச் சாயம் போடுகிறவர்களும் இருக்கிறீர்கள். நூலுக்கும் சமப்பிடிப்பு சரிவருமா? சரிவரும் என்றால் இரண்டு துறைக்கும் ஒரே சொல்லாகப் பதிவோம்.