பிட்சிகாவும் தரந்தெல்லாவும் ஒன்றா? சிலந்திக்கடிக்கு ஆடிய ஆட்டம் எது?

இளவேனில்:
அனைவருக்கும் வணக்கம். தென் இத்தாலியின் நாட்டார் இசையைச் சில மாதங்களாக விரும்பிக் கேட்டு வருகிறேன். ஒரே ஆட்டத்தைச் சிலர் தரந்தெல்லா என்றும் சிலர் பிட்சிகா என்றும் குறிப்பிடுகிறார்கள், இரண்டும் ஒன்றுதானா? சிலந்தி கடித்த பெண்களை இந்த இசையால் குணப்படுத்தினார்கள் என்று படிக்கிறேன். நஞ்சு வியர்வையோடு வெளியேறிவிடும் என்பதுதான் அதன் அடிப்படையா? இன்று மேடையில் துணியை வீசி இணையாக ஆடுவதற்கும் அந்தச் சிகிச்சைக்கும் என்ன தொடர்பு என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முகில்வண்ணன்:
தரந்தெல்லா என்பது தென் இத்தாலியின் பல ஆட்டங்களுக்குப் பொதுப்பெயர். பிட்சிகா அவற்றுள் ஒன்று. புல்யா மாநிலத்தின் தென்கோடியான சலெந்தோ வட்டாரமே அதன் முதன்மையான இடம்.

சிகிச்சையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அக்காலத்தில் கோடைக்கால அறுவடை நாட்களில், பெரும்பாலும் ஏழை உழைப்பாளிப் பெண் ஒருத்தி, சிலந்தி கடித்துவிட்டதாகச் சொல்லிச் சோர்ந்து விழுவாள். வீட்டார் வயலின், தோல்கருவி, சிறிய பொத்தான் அக்கார்டியன் ஆகியவற்றை வாசிப்பவர்களை வரவழைப்பார்கள். தரையில் வெள்ளை விரிப்பை விரித்து, பல வண்ண நாடாக்களை அவள் முன் வைத்து, எந்த மெட்டுக்கும் எந்த வண்ணத்துக்கும் அவள் உடல் அசைகிறது என்று ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பார்கள். பொருந்தும் மெட்டு கிடைத்தபின் ஆட்டம் மணிக்கணக்கில், சில வேளைகளில் நாட்கணக்கில் நீளும். புனித பவுல் அருள்புரிந்துவிட்டார் என்று அவள் உணர்ந்த பிறகே அது ஓயும். ஜூன் 28, 29 நாட்களில் கலாத்தினா ஊரில் உள்ள பவுல் சிற்றாலயத்துக்கு இத்தகையோர் திரண்டு வந்தார்கள்.

வியர்வையால் நஞ்சு இறங்கும் என்ற விளக்கம் பழையது. 17ஆம் நூற்றாண்டில் அத்தனாசியுஸ் கிர்ஷர் என்ற இயேசு சபை அறிஞர் இதற்கான மெட்டுகளையே நச்சுமுறிவாக அச்சிட்டார். ஆனால் 1959இல் இத்தாலிய மானிடவியலாளர் எர்னெஸ்தோ தெ மார்த்தினோ, உளமருத்துவர், இசையியலாளர் உள்ளிட்ட குழுவோடு சலெந்தோவில் நேரடியாக ஆராய்ந்தபோது வேறொரு சித்திரம் கிடைத்தது. ஒருமுறை கடிபட்டவர்களுக்கு ஆண்டுதோறும் அதே பருவத்தில், புதிய கடி ஏதுமின்றியே நோய் திரும்பியது. கலாத்தினாவுக்குள் பவுலின் காவல் இருப்பதால் அங்கே கடி பலிக்காது என்று மக்கள் நம்பினார்கள். உண்மையான நஞ்சு ஊர் எல்லையைப் பார்த்து நிற்காது. நிறைவேறாத காதல், விரும்பாத திருமணம், நெருங்கியவரின் சாவு, வறுமை ஆகியவையே பலரது கதையின் அடியில் இருந்தன. அப்பகுதியில் கடுமையான வலியைத் தரும் சிலந்தி இனம் ஒன்று உண்மையிலேயே உண்டு என்பதையும் தெ மார்த்தினோ மறுக்கவில்லை. ஆயினும், வாய்விட்டுச் சொல்ல முடியாத துயரத்துக்கு அச்சமூகம் தந்த வடிவமே இச்சடங்கு என்பது 1961இல் வெளியான அவருடைய நூலின் முடிவு. அது எனக்கும் ஏற்புடையதே. அந்தப் பெண்களின் துன்பத்தை இன்று சுற்றுலா விளம்பரங்கள் மயக்கும் காதல்கதையாகச் சொல்வது என்னை வருத்துகிறது.

கயல்விழி:
முகில்வண்ணன் அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சலெந்தோவில் இந்த இசைக்கு ஒரே பயன் இருந்ததில்லை. திருமணத்திலும் ஊர் விழாவிலும் மகிழ்ச்சிக்காக ஆடிய இணையாட்டம் தனியாக இருந்தது. நீங்கள் மேடையில் காண்பது அதன் வழிவந்தது, சிகிச்சைச் சடங்கின் வழிவந்தது அன்று. மூன்றாவதாக ஒன்று உண்டு: ஆகஸ்ட் 15ஆம் நாள் இரவு, புனித ரோக்கோ திருவிழாவுக்காக தொர்ரெபதூலி ஊரில் கூடுபவர்கள் வட்டம் கட்டி நின்று தோல்கருவி முழக்க, நடுவே இருவர் விரல்களையே கத்திபோல நீட்டி மோதுவார்கள்.

சலெந்தோவுக்கு வெளியே சென்றால் வேறுபாடு இன்னும் பெருகும். கலாப்ரியாவின் தென்பகுதியில் ஆட்டத் தலைவர் ஒருவர் வட்டத்துக்குள் யார் யாருடன் ஆடுவது என்று முறைவைத்து அழைப்பார். அங்கே காற்றடைத்த தோற்பை பொருத்திய குழல் ஒலிக்கும். நேப்பிள்ஸைச் சுற்றிய காம்பானியாவின் தம்முர்ரியாத்தா என்ற ஆட்டத்தை இதே குடும்பத்தில் சேர்ப்பது சரியன்று என்பது என் கருத்து. அதன் தாளம் இரட்டை நடை, கருவியும் பெரியது, ஆடுவோர் கையில் மரக்கட்டைகள் ஒலிக்கும், மாதா திருவிழாக்களோடு பிணைந்தது.

விளம்பரம் பற்றிய வருத்தம் எனக்கும் உண்டு. ஆனாலும் 1998 முதல் நடந்துவரும் தரந்தா இரவு விழா, மெல்பிஞானோ என்ற சிற்றூருக்கு ஒவ்வோர் ஆகஸ்டிலும் பெருங்கூட்டத்தை வரவழைக்கிறது. இந்தப் பாடல்களைப் பின்தங்கியவர்களின் பழக்கமென்று வெட்கப்பட்ட தலைமுறைக்குப் பின்வந்த இளைஞர்கள் அவற்றைப் பெருமையோடு பாடுகிறார்கள். இதைச் சிறிய செய்தியாக நான் கருதவில்லை.

இளவேனில்:
இருவருக்கும் நன்றி. குழப்பம் தீர்ந்தது. பழைய இசைக்கலைஞர்களின் வாசிப்பைக் கேட்க எதிலிருந்து தொடங்கலாம்? கையில் பிடித்துத் தட்டும் அந்தத் தோல்கருவியைக் கற்றுக்கொள்ளவும் ஆசை இருக்கிறது.

முகில்வண்ணன்:
1954இல் நாட்டார் இசை ஆய்வாளர்களான அலன் லோமாக்ஸும் தியேகோ கார்ப்பித்தெல்லாவும் இத்தாலி நெடுகச் சென்று செய்த களப்பதிவுகளில் சலெந்தோவும் உள்ளது, அவற்றிலிருந்து தொடங்குங்கள். அடுத்து லுயிஜி ஸ்திஃபானியைக் கேளுங்கள். நார்தோ ஊரின் முடிதிருத்துபவரான அவர், இச்சடங்குகளுக்கு நேரில் வயலின் வாசித்தவர், 2000இல் மறைந்தார்.

கருவியின் பெயர் தம்புரெல்லோ. வட்ட மரச்சட்டத்தில் தோல் போர்த்தி, சிறு தகடுகளைச் சோடியாகக் கோத்திருப்பார்கள். தாளம் திஸ்ர நடையில், அதாவது மும்மூன்று தட்டுகளாக ஓடும். சட்டத்தை ஒரு கையில் நிமிர்த்திப் பிடித்து, மறுகையின் கட்டைவிரல் பக்கத்தாலும் விரல்நுனிகளாலும் மாறி மாறித் தட்ட வேண்டும். தொடக்கத்தில் வேகத்தைத் துரத்தாதீர்கள். மூன்று தட்டுகளும் சம இடைவெளியில் விழும்வரை மெதுவாகவே வாசியுங்கள். மணிக்கட்டு இறுகினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் இறுகிய கையால் நீண்ட நேரம் வாசிக்கவே முடியாது.