டிஃப் லாக்: தமிழில் என்ன போடலாம்? வெள்ளிக்குள் வேண்டும்

கோவைத் தம்பி:
அனைவருக்கும் வணக்கம். மகிந்திரா எம்.எம். 540 போன்ற பழைய ஜீப்பைக் குறைந்த செலவில் சேற்றுக்குத் தயார் செய்வது பற்றி ஒரு கையேடு. தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டயர், காற்றழுத்தம் எல்லாம் முடித்துவிட்டேன். ஆக்ஸில் கூட்டுக்குள் தண்ணீர் ஏறாமலிருக்க அதன் மூச்சுத் துளையில் ரப்பர் குழாய் மாட்டி மேலே தூக்கிக் கட்டுவதையும் எழுதியாயிற்று. தடுமாறுவது டிஃபரன்ஷியல் லாக்கில்தான் (சுருக்கமாக டிஃப் லாக்: சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் இரண்டையும் ஒரே வேகத்தில் சுழல வைப்பது). மூலத்தில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'வேறுபாட்டுப் பல்லிணைப் பூட்டு' என்று போட்டுப் பார்த்தேன், வாக்கியம் நகர மாட்டேன் என்கிறது. சின்னதாக ஒரு சொல் கொடுங்கள்.

யாழ்ப்பாணம்:
தம்பி, கணக்கில் வரும் 'டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்' தமிழ்நாட்டில் 'வகைக்கெழுச் சமன்பாடு'; அதை நாங்கள் 'வகையீட்டுச் சமன்பாடு' என்றுதான் படித்தோம். அதே வழியில் 'வகையீட்டுப் பூட்டு' என்று போடலாமே. ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று இருந்தால் அகராதி செய்பவருக்கும் நிம்மதி.

பட்டறை அக்கா:
அகராதிக்காரருக்கு நிம்மதி, என் மாணவர்களுக்கு? தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். கணக்குக்குப் பயந்துதான் பாதிப் பேர் இங்கே வருகிறார்கள். அவர்களிடம் போய் 'வகையீடு' என்றால் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். பட்டறையில் ஆக்ஸில் நடுவே இருக்கும் அந்த உருண்டைக்கு 'கிரவுன்' என்றுதான் பேர்.

புலவர் ஐயா:
அன்பர்களே, 'வேறுபாடு' நகரவில்லை என்று 'வேற்றுமை'க்குப் போகலாம் என்றால், அந்தச் சொல் ஏற்கெனவே இலக்கணத்துக்குப் பட்டா போட்டாயிற்று. வேற்றுமைப் பூட்டு என்றால் எத்தனையாம் வேற்றுமை என்று கேட்பார்கள். (சேற்றில் மாட்டியவனுக்கு எட்டாம் வேற்றுமைதான் உதவும்: "அண்ணே! ஒரு கை கொடுங்கண்ணே!") நான் முன்வைப்பது 'தளை'. இரண்டைப் பிணைப்பது தளை. சீரும் சீரும் சேருமிடம் தளை. இரு சக்கரங்களும் ஒன்றாய்ச் சுழலுமிடமும் தளையே. 'அச்சுத்தளை'. தூய தமிழ், ஆறே எழுத்து.

பட்டறை அக்கா:
ஐயா, எழுத்தை எண்ணுவதற்கு முன் பொருளைப் பார்ப்போம். பின் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்குங்கள். எஞ்சினை அணைத்து, கியரில் நிறுத்துங்கள். ஒரு சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றினால் மற்றது பின்னோக்கிச் சுற்றும். முதல் நாள் பையன்கள் இதைப் பார்த்துவிட்டு வண்டியில் கோளாறு என்பார்கள். உள்ளே டிஃபரன்ஷியலின் குட்டிப் பல்சக்கரங்கள் செய்யும் வேலை அது. அது இருப்பதால்தான் வளைவில் வெளிச் சக்கரம் கூடுதலாகச் சுற்ற முடிகிறது.

சேற்றில் அதுவே வினை. வழுக்குகிற சக்கரத்தைச் சுற்ற எவ்வளவு முறுக்கு விசை போதுமோ, பிடிமானம் உள்ள சக்கரத்துக்கும் அவ்வளவுதான் போகும். ஒன்று சும்மா சுழல, மற்றது சும்மா நிற்கும். லாக் போட்டால் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும்.

காசில்லாதவர்கள் அந்தக் குட்டிச் சக்கரங்களைப் பற்றவைத்துவிடுகிறார்கள். செலவு ஒரு வெல்டிங் கூலி. அப்புறம் தார்ச்சாலையில் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் கத்தும், ஸ்டீயரிங் முரண்டு பிடிக்கும், ஒருநாள் ஆக்ஸில் தண்டு முறியும். அதைக் கையேட்டில் சிபாரிசு செய்யாதீர்கள் தம்பி. கைப் பிரேக்கை லேசாக இழுத்தால் வழுக்கும் சக்கரம் அடங்கும் என்ற யோசனையும் வேண்டாம். அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழி வந்த பழைய ஜீப்புகளில் அந்தப் பிரேக் சக்கரத்தில் இல்லை, ட்ரான்ஸ்பர் கேஸுக்கு (முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் பெட்டிக்கு) பின்னால் இருக்கிறது. இழுத்தால் இரண்டு சக்கரத்தையும் சேர்த்தே பிடிக்கும்.

சரி, பொருள் இதுதான். 'தளை' என்றால் என் மாணவன் கைவிலங்கு என்று நினைப்பான்.

மன்னார்குடி:
வணக்கம். நான் புலவனில்லை, டிராக்டர்காரன். தொழி உழவில், அதாவது சேற்று உழவில், ஒரு சக்கரம் புதைந்து மற்றது வெறுமனே சுற்றும்போது காலடியில் இருக்கும் பெடலை மிதிப்போம். நீங்கள் தேடுவது அதுதான். எங்கள் பக்கம் 'லாக்கை மிதி' என்பார்கள். வரப்போரம் திரும்புமுன் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் வண்டி நேராகத்தான் போகும். என் அப்பா காலத்தில் ஏர் பூட்டினார்கள், வண்டி பூட்டினார்கள். பூட்டுவது என்றால் சாவி போட்டுச் சாத்துவது மட்டுமா? ஒரு மாடு சுணங்கினால் இன்னொன்று இழுக்கட்டும் என்று இரண்டையும் ஒரே நுகத்தில் சேர்ப்பதும் பூட்டுவதுதானே? 'அச்சுப்பூட்டு' என்றே வையுங்கள்.

புலவர் ஐயா:
ஆகா! மன்னார்குடியார் புலவரில்லை என்று யார் சொன்னது? 'பூட்டாங்கயிறு' நினைவுக்கு வருகிறது. நன்னூலின் எட்டுப் பொருள்கோளில் பூட்டுவிற் பொருள்கோளை மறந்துவிட்டோமே! செய்யுளின் முதற்சொல்லும் கடைச்சொல்லும் வில்லின் இரு முனைகளை நாண் சேர்ப்பதுபோல் பூட்டிப் பொருள் தரும். ஒரு தண்டின் இரு முனைகளிலும் இரு சக்கரம். பவணந்தியார் ஜீப் ஓட்டியிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார்.

சேறு என்றதும் புறநானூறு 90 நினைவில் எழுகிறது. அச்சு தரையில் இடித்துக்கொண்டு பாரத்தோடு சிக்கிய வண்டியை மீட்டெடுக்கும் பகட்டை (எருதை) ஔவையார் பாடுகிறார்: 'பண்டச் சாகாட்டு ஆழ்ச்சி சொலிய'. வண்டி புதைந்து நிற்பதற்கு 'ஆழ்ச்சி' என்று அன்றே சொல் இருந்தது. கையேட்டில் அதையும் சேர்க்கலாம். 102-இல் அவரே உமணர் (உப்பு வணிகர்) வண்டியைப் பாடுகிறார். பள்ளமோ மேடோ எது வருமென்று யாருக்குத் தெரியும் என்று, வண்டிக்குக் கீழே கூடுதலாக ஓர் அச்சைக் கட்டிச் சென்றார்கள், 'சேம அச்சு'. ஸ்டெப்னிக்கு 'சேமச் சக்கரம்' என்று வைக்காமல் என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

யாழ்ப்பாணம்:
சக்கரம் இல்லை ஐயா, சில்லு. நாங்கள் சில்லு என்றுதான் கதைப்போம்.

கோவைத் தம்பி:
ஐயா, நெகிழ்ந்துபோனேன். ஆனால் இன்று புதன்கிழமை.

புலவர் ஐயா:
சொல்லாக்கத்துக்கு அவசரம் ஆகாது தம்பி. 'அச்சு' வேண்டாம் என்றால் 'இருசு' இருக்கிறது. நாட்டு வண்டியில் குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி எல்லாவற்றுக்கும் சொல் வைத்தவர்கள் நாம். 'இருசுப்பூட்டு' எவ்வளவு அழகு!

பட்டறை அக்கா:
அழகுதான். ஆனால் மாட்டு வண்டியில் இருசு சுற்றாது, குடம்தான் இருசின் மேல் சுற்றும். ஜீப்பில் லாக் பூட்டுவது உள்ளே சுழலும் தண்டுகளை. இருசு என்ற சொல்லை அந்த வெளிக்கூட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பெயர்ச்சொல் மட்டும் பார்க்கிறோமே, வினை? மூலத்தில் 'லாக்கைப் போடு', 'லாக்கை எடு' என்று மாறி மாறி வருமே. மன்னார்குடி அண்ணன் சொன்ன வழியில் போனால் 'பூட்டு', 'அவிழ்' என்று இரண்டும் தானாக அமைகிறது. வண்டியை அவிழ்த்துவிட்டான் என்கிறோம் இல்லையா? 'சேற்றில் இறங்குமுன் பூட்டு, கெட்டித் தரையில் திரும்புமுன் அவிழ்.' மாணவனுக்கு உரை எழுத வேண்டியதில்லை.

மன்னார்குடி:
அக்கா சொன்னதுக்கு என் ஓட்டு. ஆனால் நாளைக்குப் பையன் கடையில் போய் 'அச்சுப்பூட்டு இருக்கா?' என்று கேட்டால் பூட்டுக் கடைக்கு அனுப்புவார்கள். முதல் தடவை 'டிஃப் லாக்' என்றும் போட்டுவிடுங்கள்.

யாழ்ப்பாணம்:
இதைத்தான் பயந்தேன். அடைப்புக்குள் போன சொல் பிறகு வெளியே வந்துவிடும், நம் சொல் உள்ளே போய்விடும். எத்தனை சொற்களுக்கு இந்தக் கதி ஆயிற்று!

கோவைத் தம்பி:
ஆக, பெரும்பான்மை 'அச்சுப்பூட்டு'. வினைக்குப் பூட்டு, அவிழ். முதல் முறை மட்டும் 'டிஃப் லாக்' உடன் வரும். 'ஆழ்ச்சி' தலைப்பில் மட்டும், உள்ளே 'புதைந்து நிற்பது'. வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படித்துக்கொள்ளவும் என்று ஒரு வரி சேர்க்கிறேன், பெரிய டயர் மாட்டிச் சாலையில் பிடிபட்டால் என்னைத் திட்டக்கூடாது. எல்லோருக்கும் நன்றி.

புலவர் ஐயா:
என் மறுப்பைப் பதிவு செய்யவும். 'அச்சு' என்றால் இன்றைய வாசகனுக்கு அச்சகம்தான். 'தளை'யைக் கைவிட்டதில் எனக்கு உடன்பாடில்லை. 'தண்டுத்தளை' பற்றி விரிவாக நாளை எழுதுகிறேன்.

பட்டறை அக்கா:
ஐயா, எழுதுங்கள். ஆனால் தலைப்பை மாற்றி எழுதுங்கள். தம்பி, அடுத்து ஸ்நோர்க்கலுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய் அது, புகை போகும் குழாய் இல்லை. 'புகைப்போக்கி' என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன், இன்னும் ஆறவில்லை.