பின் டீரெய்லர் மாற்றிய அனுபவம்: நீங்களும் சொல்லுங்கள்

காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு சைக்கிளில் ஏறியவர்களுக்கு அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பதாவது வளைவைத் தாண்டும்போதே எனக்கு முழங்கால் வலிக்கத் தொடங்கிவிட்டது. என்னுடையது 8 கியர் ரோடு பைக். முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு செயின்ரிங், அதாவது பெடலோடு சுற்றும் பல்சக்கரம். பின்னால் 11 முதல் 28 பல் வரையிலான கேசட், அதாவது பல்சக்கர அடுக்கு. இருப்பதிலேயே லேசான கியரில்கூட பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி இரண்டரை மீட்டர் நகரும். பின்னால் 34 பல் இருந்தால் அது 2.1 மீட்டராகக் குறையும். கணக்கு சரிதான். கேசட்டை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்ததுதான் தப்பு.

ஒரு கடையில் 11-34 கேசட் மாட்டிக் கொடுத்தார்கள். டீரெய்லரும் (கியர் மாற்றும்போது செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளும் பாகம்) செயினும் பழையவையே. டீரெய்லரில் உள்ள இரண்டு குட்டிச் சக்கரங்களில் மேல் சக்கரம் பெரிய பல்சக்கரத்தில் உரசியது. அந்த இடைவெளியைக் கூட்டும் பி-ஸ்க்ரூவைக் கடைசி வரை திருகியும் உரசல் முழுதாகப் போகவில்லை. முன்னால் சின்ன செயின்ரிங்கில் வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு "ஓடுது சார்" என்றார்கள். நானும் கிளம்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு ஏற்காடு அடிவாரம். சமதளத்தில் பெரிய செயின்ரிங்கிலேயே வந்தவன், ஏற்றம் தொடங்கியதும் முன்னால் மாற்றாமல் பின்னால் மட்டும் தட்டிக்கொண்டே போனேன். 34 பல்லில் செயின் ஏறிய நொடியில் பெடல் இறுகி நின்றது. செயின் நீளம் போதவில்லை. டீரெய்லர் முன்னோக்கி இழுபட்டு, அதை ஃபிரேமில் பிடித்திருக்கும் ஹேங்கர் முறிந்து, குட்டிச் சக்கரங்களைத் தாங்கும் கேஜ் பின் சக்கரத்துக்குள் போய்விட்டது. ஸ்போக்ஸ் இரண்டு போயின. வேகம் குறைவாக இருந்ததால் நான் விழவில்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். எந்த டீரெய்லருக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, அது தாங்கும் மிகப் பெரிய பல்சக்கரம். டீரெய்லர் நேராக நகராமல் பல்சக்கரங்களின் சரிவை ஒட்டிச் சாய்வாக நகரும் அமைப்பை 1964-இல் ஜப்பானின் சன்டூர் நிறுவனம் கொண்டுவந்தது. மேல் சக்கரம் ஒவ்வொரு பல்சக்கரத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். 28-க்காக வைத்த சாய்வு 34-இல் போய் இடிக்கத்தானே செய்யும்? ஸ்க்ரூவால் அதைக் கொஞ்சம்தான் சமாளிக்க முடியும்.

இரண்டாவது, கொள்ளளவு, அதாவது எவ்வளவு தளர்ந்த செயினை அதனால் இழுத்துப் பிடிக்க முடியும் என்பது. முன்னால் 50-34, வித்தியாசம் 16. பின்னால் 11-34, வித்தியாசம் 23. கூட்டினால் 39. என் பழைய குட்டைக் கேஜின் கொள்ளளவு 33. அதன் பெட்டியிலேயே அச்சிட்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை.

இப்போது ஷிமானோ நிறுவனத்தின் ஆல்டஸ் எம்310 டீரெய்லர் போட்டிருக்கிறேன். 34 பல் வரை தாங்கும், கொள்ளளவு 43. மலை சைக்கிளுக்கான விலை குறைந்த சரக்கு என்று பலர் ஒதுக்குவார்கள். என் தேவைக்கு இதுதான் பொருந்தியது. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

அண்ணா, நான் சென்னை. எனக்கு பல் கணக்கெல்லாம் சரியா இருந்துச்சு, அடி வாங்கினது வேற இடத்துல.

9 கியர் ஷிஃப்டர், அதான் கைப்பிடில கேபிளை இழுத்து கியர் மாத்தற பாகம், வெச்சிருந்தேன். ஒருத்தர்கிட்ட ஷிமானோ 10 கியர் மலை சைக்கிள் டீரெய்லர் நல்ல நிலைமைல கிடைச்சுது. கியர் ஒண்ணு அதிகமா இருக்கு, இன்னும் நல்லாத்தான் ஓடும்னு வாங்கிட்டேன். ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் கேபிளை இறுக்கறதும் தளர்த்தறதுமா இருந்தேன். முதல் ரெண்டு கியர் சரியா விழும், நாலாவதுல செயின் ரெண்டு பல்லுக்கு நடுவுல கடகடன்னு சத்தம் போடும். கடைசி ரெண்டு பெரிய பல்லுக்குப் போகவே போகாது.

காரணம் கேபிள் இழுப்பு. பழைய ஷிமானோவுல ஷிஃப்டர் கேபிளை 1 மில்லிமீட்டர் இழுத்தா டீரெய்லர் சுமார் 1.7 மில்லிமீட்டர் நகரும். 10 கியர் மலை சைக்கிள் டீரெய்லர் சுமார் 1.2 தான் நகரும். ஒவ்வொரு கிளிக்கும் கொஞ்சம் கொஞ்சமா பின்தங்கி, எட்டாவது கிளிக்ல ரெண்டு கியருக்கு மேல குறைஞ்சுடுது. எந்த மெக்கானிக்காலயும் அதை சரி பண்ண முடியாது.

அதனால பழைய 7, 8, 9 கியர் ஷிமானோ ஷிஃப்டர் வெச்சிருக்கறவங்க 9 கியர் வரைக்குமான பழைய ஷிமானோ மலை சைக்கிள் டீரெய்லரை எடுக்கலாம், பெரும்பாலும் இழுப்பு ஒண்ணுதான். 10-னு பார்த்தா நிறுத்தி விசாரிங்க. 2015-ல வந்த ஷிமானோ ரோடு செட் டியாக்ரா 4700 கூட 10 கியர்தான், ஆனா அதுக்கு முன்னாடி வந்த ரோடு 10 கியரோட சேராது. பேரையும் கியர் எண்ணிக்கையையும் பார்த்து மட்டும் வாங்காதீங்க, மாடல் எண்ணைக் கேளுங்க.

*

தம்பிகளா, நான் மதுரைக்காரன், வயது அறுபத்திரண்டு. கிளிக் வைத்த ஷிஃப்டரை ஷிமானோ 1984-இல் தன் பந்தய சைக்கிள் செட்டான டூரா-ஏஸில் கொண்டுவந்தது. எங்கள் காலத்து நெம்புகோலில் கிளிக் கிடையாது, கையும் காதும்தான் கணக்கு. அதில் எந்த டீரெய்லரைப் போட்டாலும் ஓடும். என் டூரிங் சைக்கிளில் இன்றும் அதுதான்.

நான் சொல்ல வந்தது வேறு. என் பேரனின் சைக்கிளில் கியர் சரியாக விழவில்லை என்று ஒரே வருடத்தில் இரண்டு டீரெய்லர் மாற்றினோம். இரண்டாவதும் அதே கதை. பின்னால் நின்று குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, கேஜ் கீழ்ப்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. வண்டி எப்போதோ வலப்பக்கம் விழுந்து ஹேங்கர் வளைந்திருக்கிறது. டீரெய்லரில் ஒரு குறையும் இல்லை.

ஹேங்கரைச் சோதிக்கத் தனிக் கருவி உண்டு. அது இல்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஹேங்கரின் மரையும் பெரும்பாலான பழைய பின் சக்கர அச்சின் மரையும் ஒன்றே, 10 மில்லிமீட்டர். டீரெய்லரைக் கழற்றிவிட்டு, இன்னொரு பின் சக்கரத்தின் அச்சை அந்தத் துளையில் திருகுங்கள். இரண்டு சக்கரமும் சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருந்தால் ஹேங்கர் நேர். இல்லையென்றால் அந்தச் சக்கரத்தையே பிடித்து மெதுவாக நிமிர்த்தலாம். இரும்பு ஃபிரேம் தாங்கும். அலுமினிய ஹேங்கர் அதிகம் வளைந்திருந்தால் நிமிர்த்தாதீர்கள், முறியும். புதிது வாங்கிவிடுங்கள்.

*

ஐயா, மிக்க நன்றி. நேற்று மாலை என் தம்பியின் சைக்கிள் சக்கரத்தைத் திருகிப் பார்த்தேன். என் புது ஹேங்கரே ஒரு பக்கம் 4 மில்லிமீட்டர் விலகியிருந்தது. லேசாக நிமிர்த்தியதும் நடு கியரில் வந்துகொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது.

செயின் நீளம் கேட்டுத் தனியாக எழுதிய நண்பருக்கு: டீரெய்லர் வழியாகக் கொடுக்காமல், முன்னால் பெரியது பின்னால் பெரியது என்று சுற்றிப் பிடித்து, அதற்கு மேல் 2 கண்ணி விட்டு வெட்டினேன். இப்போது முன்னால் 50, பின்னால் 34 என்று தவறிப்போய் விழுந்தாலும் இறுகுவதில்லை.

போன சனிக்கிழமை மறுபடி காரவள்ளி. 34-க்கு 34 போட்டு, மெதுவாக, நடுவில் இரண்டு முறை மட்டும் தண்ணீர் குடிக்க நின்று, 70 வளைவும் ஏறினேன். முழங்கால் வலிக்கவில்லை. இருக்கைக்குக் கீழே உள்ள பையில் பஞ்சர் ஒட்டும் சாமானோடு என் ஃபிரேமுக்கான உபரி ஹேங்கர் ஒன்றும் இருந்தது.